‘ஆர்’ மொழியிலிருந்து மேகத்தளம்: அஷூர் இயந்திரக் கற்றல் இணைப்புகளும் ஆய்வின் மீள்சரிபார்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

புள்ளியியல் நிரல்மொழியாகிய ‘ஆர்’ வழியே மேகக் கணிமைத் தரவு அறிவியல் தளங்களைக் கையாளும் முறைகள் கடந்த பத்தாண்டில் பலமுறை மாறியுள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அஷூர் இயந்திரக் கற்றல் தளத்தோடு ஆர் மொழியை இணைத்த மூன்று முறைகளை இக்கட்டுரை விமர்சன நோக்கில் ஆராய்கிறது. ஆர் பயனருக்கு மிக இணக்கமாகத் தோன்றிய இணைப்புகளே விரைவில் வழக்கொழிந்தன என்பதை இது சுட்டுகிறது. நிரல் இயங்கும் சூழலைப் பதிவு செய்யாமல் விடுவதால் தமிழ்ப் பனுவல்களைக் கணினிவழி ஆராயும் ஆய்வுகளில் நேரும் சிக்கல்களும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆர் மொழி, மேகக் கணிமை, அஷூர் இயந்திரக் கற்றல், மீள்சரிபார்ப்பு, யூனிகோட், அகரவரிசை, சொல்லடைவு.

முன்னுரை

ஆர் மொழி நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இரு புள்ளியியலாளர்களால் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய உடன்பணியாளர்களும் 1976 முதல் வளர்த்தெடுத்த ‘எஸ்’ மொழியே அதற்கு முன்மாதிரி. 1995இல் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் வெளியான ஆர், 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பை எட்டியது. பேக்கேஜ் எனப்படும் பொதிகளைச் சேமித்து வழங்கும் ‘கிரான்’ களஞ்சியம் 1997 முதல் இயங்கி வருகிறது. ஓர் ஆய்வாளர் தம் மேசைமேல் உள்ள கணினியில், தரவு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு பணியாற்றுவார் என்னும் எதிர்பார்ப்பின்மேல் அமைந்தது இம்மொழி.

மேகக் கணிமைத் தளங்கள் இதற்கு நேர்மாறானவை. அங்கே கணினி தொலைவில் இருக்கிறது. தேவைப்படும் நேரத்திற்கு மட்டும் வாடகைக்குப் பெறப்படுகிறது. அதில் எந்த இயக்க அமைப்பு, எந்த மொழிப் பதிப்பு, எந்தப் பொதிகள் நிறுவப்பட்டுள்ளன என்பதைப் பெரும்பாலும் தளத்தை நடத்தும் நிறுவனமே முடிவு செய்கிறது. இவ்விரு உலகுகளையும் இணைக்கப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. அமேசானின் சேஜ்மேக்கரில் பைத்தான் கருவித்தொகுதியை ஆர் வழியாக அழைக்கும் முறையும், அப்பாச்சி ஸ்பார்க்கில் 2015இல் இணைந்த ‘ஸ்பார்க்ஆர்’ பொதியும் குறிப்பிடத்தக்கவை. எனினும் தொடக்கம், வளர்ச்சி, மறைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டும் சான்று அஷூரில்தான் கிடைக்கிறது. ஆதலின் இக்கட்டுரை அதனையே எடுத்துக்கொள்கிறது.

‘இருந்து’ என்னும் சொல்லுருபு

‘ஆர் மொழியிலிருந்து மேகத்தளத்தைப் பயன்படுத்துதல்’ என்பது இத்துறையில் இயல்பாக வழங்கும் தொடர். இதில் வரும் ‘இருந்து’ ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு. அவ்வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை இலக்கணிகள் கூறுவர். இத்தொடரைப் பயன்படுத்துவோர் கருதுவது, பயனர் ஆர் மொழிக்குள்ளேயே நின்றுகொண்டு தளத்தை அழைக்கிறார் என்பது. நடைமுறையில் நிகழ்வதோ நீங்கல். நிரல், பயனர் அறிந்த கணினியையும் அவர் நிறுவிய பொதிகளையும் அவர் அமைத்த மொழிச்சூழலையும் விட்டு நீங்கி வேறோர் இடத்தில் இயங்குகிறது. நீங்கிய பொருள் போய்ச் சேர்ந்த இடம் எத்தகையது என்னும் கேள்வியைத் தளங்களின் விளக்கவுரைகள் பெரிதும் எழுப்புவதில்லை. ஆர் அங்கே வினையைச் செய்யும் கருத்தாவா, பிறிதொன்று செய்வதற்கான கருவியா என்பதும் இதனோடு தொடர்புடைய கேள்வியே.

முதல் இணைப்பு: மேலேறிய செயற்கூறு

ஆர் மொழியை வணிக நோக்கில் வளர்த்து வந்த ரெவல்யூஷன் அனலிட்டிக்ஸ் நிறுவனத்தை வாங்கவிருப்பதாக மைக்ரோசாப்ட் 2015 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அஷூர் இயந்திரக் கற்றல் ஸ்டூடியோ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பெட்டிகளை இழுத்துவைத்து அம்புக்குறிகளால் இணைக்கும் காட்சிவழித் தளம் அது. அப்பெட்டிகளுள் ஒன்று ஆர் நிரலை இயக்குவதற்கென்றே அமைந்திருந்தது. உள்ளே வரும் தரவை ஒரு சிறப்புச் செயற்கூற்றால் பெற்று, முடிவை மற்றொன்றால் வெளியே அனுப்ப வேண்டும். தளத்தில் இல்லாத பொதிகள் தேவைப்பட்டால் அவற்றின் விண்டோஸ் வடிவங்களைச் சுருக்கக் கோப்பாக்கி மூன்றாவது வாயில் வழியாக ஏற்ற வேண்டும்.

இத்தளத்தோடு ஆர் மொழியிலிருந்தே உரையாட ‘அஷூர்எம்எல்’ என்னும் பொதி கிரானில் வெளியிடப்பட்டது. பணிக்களத்தை அடையாளம் காட்ட ஒரு செயற்கூறு, தரவை ஏற்றவும் இறக்கவும் சில, தாம் எழுதிய செயற்கூற்றை வலைச்சேவையாக வெளியிட ஒன்று, வெளியிட்டதை அழைத்துப் பயன்பெற ஒன்று என அதன் அமைப்பு எளிமையானது. பயனர் தம் கணினியில் எழுதிய செயற்கூற்றை, அது சார்ந்திருக்கும் பொருள்களோடும் பொதிகளோடும் கட்டித் தளத்திற்கு அனுப்பும் வேலையை இப்பொதியே செய்தது. ஆர் மொழியின் இயல்புக்கு இசைந்த வடிவமைப்பு இது. செயற்கூறும் ஒரு மதிப்பே, அதனையும் பிற மதிப்புகளைப் போலக் கையாளலாம் என்பது இம்மொழியின் அடிப்படை. மூன்று முறைகளுள் ஆர் உண்மையாகவே கருத்தாவாக நின்றது இதில்தான் எனலாம்.

ஆனால் மேலேறிய செயற்கூறு இயங்கிய ஆர், பயனரின் ஆர் அன்று. தளம் தேர்ந்து வழங்கிய ஒருசில பதிப்புகளுள் ஒன்றில்தான் அது இயங்க வேண்டும், 3.1.0 பதிப்பும் பின்னர் மைக்ரோசாப்ட் தானே தொகுத்து வெளியிட்ட 3.2.2 போன்ற பதிப்புகளும் அவ்வாறு வழங்கப்பட்டவை. பதிப்பு வேறுபாடு ஆர் மொழியில் சிறு செய்தியன்று. 2019 ஏப்ரலில் வெளியான 3.6.0 பதிப்பில், தற்போக்கு மாதிரியெடுக்கும் உள்முறை மாற்றப்பட்டது; ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறு மாதிரிகளைத் தெரிவு செய்யும். 2020இல் வந்த 4.0.0 பதிப்பில், எழுத்துச் சரங்களைத் தாமாகவே வகைக்காரணிகளாக மாற்றும் பழைய வழக்கம் நீக்கப்பட்டது. தம் கணினியில் ஒரு முடிவும் மேகத்தில் மற்றொரு முடிவும் பெறுவதற்கு இவற்றுள் ஒன்றே போதுமானது.

2021 டிசம்பர் 1க்குப் பின் இப்பழைய ஸ்டூடியோவில் புதிய பணிக்களங்கள் உருவாக்க இயலாது என அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31 அன்று அது முற்றாக நிறுத்தப்பட்டது.

இரண்டாம் இணைப்பு: ஆர் உருவில் பைத்தான்

2019இன் பிற்பகுதியில், புதிய அஷூர் இயந்திரக் கற்றல் தளத்திற்கென ‘அஷூர்எம்எல்எஸ்டிகே’ என்னும் ஆர் பொதி அறிமுகமானது. இதன் செயற்கூறுகள் முன்னதனினும் விரிவானவை: கணினித் திரளை உருவாக்குதல், சோதனையைச் சமர்ப்பித்தல், அளவீடுகளைப் பதிதல், மாதிரியைப் பதிவுசெய்து சேவையாக நிறுவுதல் ஆகிய அனைத்தும் ஆர் செயற்கூறுகளாகவே தரப்பட்டன. பெயர்கள் ஆர் மரபுக்கேற்பச் சிற்றெழுத்திலும் அடிக்கோட்டிலும் அமைந்திருந்தன. உள்ளே இருந்தது பைத்தான். ரெட்டிகுலேட் என்னும் இடைப்பொதியின் வழியாக ஒவ்வோர் ஆர் அழைப்பும் பைத்தான் கருவித்தொகுதிக்கு மாற்றி அனுப்பப்பட்டது. ஆர் பொதியை நிறுவிய பின்னர், பைத்தான் சூழலொன்றை நிறுவும் தனிக் கட்டளையையும் இயக்க வேண்டியிருந்தது.

இடைநிலை மொழிபெயர்ப்பின் தடங்கள் பல இடங்களில் தென்பட்டன. ஆர் மொழியில் ‘1’ என்று எழுதினால் அது பதின்ம எண். ரெட்டிகுலேட் அதனைப் பைத்தானின் ‘1.0’ ஆக்கும். முழுவெண்தான் வேண்டும் என்றால் எண்ணின் பின்னே ‘எல்’ என்னும் குறியைச் சேர்க்க வேண்டும். ஓருறுப்பு மட்டும் உடைய திசையன் பைத்தானில் பட்டியலாகாமல் தனிமதிப்பாகிவிடும். பிழை நேர்ந்தால் திரையில் தோன்றுவது பைத்தானின் பிழைச்செய்தி. ஆர் மட்டுமே அறிந்த ஒருவருக்காக ஆக்கப்பட்ட பொதி, சிக்கல் நேரும் கணத்தில் அவரிடம் பைத்தான் அறிவை எதிர்பார்த்தது. இதனை வடிவமைத்தோரின் கவனக்குறைவு எனல் பொருந்தாது. தளத்தின் மூலக்கருவி பைத்தானில் அமைந்துவிட்ட நிலையில், அதனை ஒவ்வொரு மொழியிலும் புதிதாக எழுதுவது பெருஞ்செலவு. போர்த்திக் கொடுத்தல் எளிது. எனினும் போர்வைக்குத் தனி வாழ்நாள் இல்லை. உள்ளிருக்கும் பொருள் மாறும்போதெல்லாம் போர்வையும் மாற வேண்டும். இப்பொதி 2021 இறுதியோடு கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. போர்த்தப்பட்டிருந்த பைத்தான் கருவித்தொகுதியின் முதற்பதிப்பும் பின்னர் இரண்டாம் பதிப்புக்கு இடம்விட வேண்டியதாயிற்று என்பதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும்.

இப்பொதியின் காலம் ஏறத்தாழ இரண்டாண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி முனைவர்பட்ட ஆய்வுக்குக் குறைந்த அளவு மூன்றாண்டுகளும் மிகுந்த அளவு ஆறாண்டுகளும் வரையறுக்கப்பட்டுள்ளன. முதலாண்டில் இத்தகைய பொதியொன்றை நம்பித் தொடங்கிய ஆய்வு, வாய்மொழித் தேர்வுக்கு முன்பே தன் கருவியை இழந்திருக்கும். ஆய்வேட்டின் முடிவை ஐயுற்று மீண்டும் இயக்கிப் பார்க்க விரும்பும் புறத்தேர்வாளருக்கோ, பின்னாளில் அதனை மேற்கோள் காட்டும் ஆய்வாளருக்கோ அங்கே எஞ்சியிருப்பது நிரலின் எழுத்துவடிவம் மட்டுமே.

விளக்கவுரையின் எடுத்துக்காட்டு

இப்பொதியோடு வெளியான அறிமுகப் பாடம் உற்றுநோக்கத்தக்கது. அமெரிக்கச் சாலை விபத்துத் தரவொன்றை அது எடுத்துக்கொள்கிறது. 26,000க்கு மேற்பட்ட வரிசைகள். வயது, இருக்கைப்பட்டை, காற்றுப்பை போன்ற சில மாறிகள். விபத்தில் உயிரிழப்பு நேரும் வாய்ப்பை லாஜிஸ்டிக் பின்னடைவால் கணிப்பதே நோக்கம். இதற்கென மேகத்தில் கணினித் திரள் ஒன்று உருவாக்கப்படுகிறது. அது ஆயத்தமாகவே சில நிமிடங்கள் செல்லும். அதே பின்னடைவை ஒரு மடிக்கணினி சில நொடிகளில் முடித்துவிடும்.

எளிய எடுத்துக்காட்டால் தொடங்குவது பாடநூல் முறைதான் என வாதிடலாம். ஆயினும் மேகம் எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்னும் முதற்கேள்வியை இப்பாடம் தொடாமலேயே கடந்து செல்கிறது. இக்கேள்வி தமிழ் ஆய்வாளருக்கு நேரடியாகப் பொருந்துவது. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்த சங்கப் பனுவல் முழுவதும் யூனிகோட் உரையாகச் சில மெகாபைட்டுகளைத் தாண்டாது. அதன் சொல்நிகழ்வெண்களைக் கணக்கிடவோ, சொல்லடைவு ஆக்கவோ, ‘ஸ்டைலோ’ போன்ற ஆர் பொதியால் நடையளவை ஆய்வு செய்யவோ மேகத்தளம் வேண்டுவதில்லை. நூற்றாண்டுப் பழமையான இதழ்களின் பக்கப்படங்களிலிருந்து எழுத்துணர்தல், பெரும் நரம்பணு வலைப்பின்னல்களைப் பயிற்றுதல், பல்லாயிரம் முறை மறுமாதிரி எடுத்துச் சோதித்தல் ஆகியவற்றில்தான் வாடகைக் கணினியின் தேவை உண்மையாக எழுகிறது. செலவைப் பற்றியும் ஒரு சொல்: நிறுத்தாமல் விட்ட மேகக் கணினி, வேலை ஏதும் செய்யாதபோதும் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். உதவித்தொகையை நம்பிப் பயில்வோருக்கு இது அடிக்குறிப்புச் செய்தியன்று.

காலப்பதிவகத்தின் மறைவு

பொதிகளின் பழைய நிலையை நாள்வாரியாகப் பாதுகாக்கும் முயற்சியும் இதே வரலாற்றின் ஒரு பகுதி. 2014 செப்டம்பர் முதல் கிரான் களஞ்சியத்தின் நாள்தோறுமான படிமங்கள் சேமிக்கப்பட்டு, பின்னர் ‘எம்ரான்’ என்னும் பெயரில் மைக்ரோசாப்டால் வழங்கப்பட்டன. ‘செக்பாயிண்ட்’ என்னும் பொதியில் ஒரு தேதியைக் குறிப்பிட்டால், அந்நாளில் கிரானில் எப்பொதியின் எப்பதிப்பு இருந்ததோ அதுவே நிறுவப்படும். ஆய்வின் மீள்சரிபார்ப்புக்கென்றே எண்ணிச் செய்த ஏற்பாடு இது. பல ஆய்வாளர்கள் தம் நிரலின் முதல் வரியாக அத்தேதியை எழுதிவைத்தனர். எம்ரான் 2023 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அத்தேதிவரிகள் இன்று இல்லாத ஒரு முகவரியைச் சுட்டி நிற்கின்றன.

இங்கே ஒரு நிறுவனத்தின்மேல் குற்றம் சுமத்துவது எளிது, பயனோ குறைவு. கட்டணமின்றி வழங்கிய சேவையை நிறுத்தும் உரிமை அதனை வழங்கியோருக்கு உண்டு. போசிட் நிறுவனம் தன் பொதுப் பொதி மேலாளரில் 2017 அக்டோபர் முதலான படிமங்களைத் தருகிறது. ஆகவே அனைத்தும் அழிந்துவிடவில்லை. விமர்சனத்திற்கு உரியது வேறு. பாதுகாப்பு என்பதை ஆய்வுலகம் ஒரு முகவரியாகப் புரிந்துகொண்டது. பொதிகளையே ஆய்வேட்டோடு சேர்த்து வைப்பதற்கு மாறாக, அவற்றை வைத்திருப்பவரின் முகவரியைக் குறித்துவைத்தது. ஓலைச்சுவடியைப் படியெடுக்காமல் அது இருக்கும் வீட்டின் பெயரை மட்டும் எழுதி வருவதற்கு ஒப்பானது இது. வீடு கைமாறினால் சுவடியும் இல்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டிப் பதிப்பித்த வரலாற்றை அறிந்த துறைக்கு இவ்வேறுபாடு புதியதன்று.

தமிழ்ப் பனுவலும் இயங்கு சூழலும்

மேலே கூறியவை எந்த மொழியின் தரவுக்கும் பொருந்துவன. தமிழ் உரையைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. ஆர் மொழியின் பல செயற்கூறுகள், லொகேல் எனப்படும் மொழி-வட்டார அமைப்பைச் சார்ந்தே இயங்குகின்றன. நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, இவ்வமைப்பு மாறினால் முடிவு மாறும்.

விண்டோஸில் தமிழுக்கெனப் பழைய வகைக் குறியீட்டுப் பக்கம் எதுவும் இருந்ததில்லை. இதனால் 2022 ஏப்ரலில் 4.2.0 பதிப்பு வரும்வரை, விண்டோஸ் கணினியில் இயங்கிய ஆர் தமிழ்ச் சொற்களைப் பல இடங்களில் எழுத்தாகக் காட்டாமல், கோண அடைப்புக்குள் யூனிகோட் குறியெண்களாகவே அச்சிட்டது. அப்பதிப்பு முதல், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு தொடங்கி வந்த இயக்க அமைப்புகளில் யூடிஎஃப்-8 குறியாக்கமே இயல்பாயிற்று. அதற்கு முன்னர், லினக்ஸில் இயங்கும் மேகக் கணினிக்குச் செல்வது தமிழ் ஆய்வாளருக்கு ஒரு விடுதலையாகவே அமைந்திருக்கக் கூடும். ஆனால் லினக்ஸ் என்பதாலேயே தமிழ் தெரிந்துவிடாது. மொழி அமைப்பு ஏதும் குறிக்கப்படாத வெற்றுக் கொள்கலனில் ஆர் ‘சி’ எனப்படும் அடிப்படை அமைப்பில் தொடங்கும். அங்கேயும் அதே கோண அடைப்புகள் திரும்பிவரும். தமிழ் எழுத்துரு நிறுவப்படாத கொள்கலனில் வரைந்த வரைபடத்தில் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே கிடைக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள், கண்டவுடன் திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாதவையே ஆபத்தானவை. யூனிகோட் அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும் ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் இறுதியில் வருவன. மரம், மலர், மறம், மனம் என்பது அகராதி முறை. அடிப்படை அமைப்பில் குறியெண் வழியே வரிசைப்படுத்தினால் மனம், மரம், மறம், மலர் என வரும். தரவுகளை வரிசைப்படுத்தப் பலரும் நாடும் ‘டீப்ளையர்’ பொதியின் வரிசைச் செயற்கூறு, 2023இல் வந்த 1.1.0 பதிப்பு முதல் பயனரின் மொழி அமைப்பைக் கருதாமல் அடிப்படை அமைப்பையே இயல்பாகக் கொள்கிறது. தமிழ் வரிசை வேண்டுமெனில் அதனை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பழைய பதிப்புள்ள மடிக்கணினியில் சரியாக அமைந்த சொல்லடைவு, புதிய பதிப்புள்ள மேகத்தில் முறைமாறி வரலாம். எந்த எச்சரிக்கையும் தோன்றாது.

வரிசை என்பது தோற்றம் பற்றியது மட்டுமே என ஒதுக்கிவிட இயலாது. நூலாசிரியரை அறியும் நடையளவை ஆய்வில், மிகுதியாக வழங்கும் முதல் 100 சொற்களை எடுத்துக்கொள்வது வழக்கம். 98 முதல் 103 வரையிலான இடங்களில் உள்ள சொற்கள் ஒரே நிகழ்வெண் கொண்டிருந்தால், அவற்றுள் எவை உள்ளே வரும்? ஆர் மொழியில் நிகழ்வெண் அட்டவணையை ஆக்கி இறங்குமுறையில் அடுக்கும்போது, சம எண்ணுடையவை அட்டவணையின் அகரவரிசைப்படியே நிற்கும். அவ்வகரவரிசை மொழி அமைப்பைச் சார்ந்தது. ஆகவே மேகத்தில் அமைப்பு மாறினால், ஆய்வுக்குள் நுழையும் சொற்களின் பட்டியலே மாறிவிடலாம். ஒரு பாடலை இன்ன புலவருடையது என்று துணியும் வாதத்தில், இம்மாற்றம் எங்கும் பதிவாகாமல் கலந்துவிடுகிறது.

எழுத்தெண்ணிக்கையிலும் இதுவே நிலை. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஆர் தன் இயல்பான முறையில் 5 என்று விடைதரும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி எனக் குறியெண்களை அது எண்ணுகிறது. பைட்டுகளைக் கேட்டால் 15. இலக்கணப்படி எழுத்து மூன்று. ‘ஸ்ட்ரிங்கி’ பொதியின் எழுத்தெல்லைச் செயற்கூறு மூன்று என்றே தரும். ஆனால் அப்பொதி சார்ந்திருக்கும் ‘ஐசியு’ நூலகம் கணினிக்குக் கணினி வேறுபடலாம். லினக்ஸில் அமைப்பு நூலகம் இருந்தால் அதனையும், இல்லையெனில் தன்னோடு வந்ததையும் அது பயன்படுத்தும். சொற்பிரிப்புக்கு உதவும் தேடுவடிவங்களில் ‘அகரவரிசை எழுத்து’ என்னும் வகையின் பொருள், மொழி அமைப்பையும் செயலாக்கத்தையும் பொறுத்து மாறும் என ஆர் விளக்கவுரையே கூறுகிறது. பொதிகளின் பதிப்புகளைப் பட்டியலிட்டுக் காக்கும் ‘ஆர்என்வி’ போன்ற கருவி இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது பொதிகளை அறியும்; அப்பொதிகள் நிற்கும் தரையை அறியாது.

மூன்றாம் முறை: கொள்கலனும் கட்டளைவரியும்

இரண்டாம் இணைப்பு கைவிடப்பட்ட பின், அஷூரில் ஆர் பயனருக்கென வழங்கப்பட்டது கட்டளைவரி முறை. தளத்தை ஆர் மொழியிலிருந்து ஆளும் கருவித்தொகுதி இப்போது இல்லை என்பதைத் தளத்தின் விளக்கவுரையே கூறுகிறது. ஆய்வாளர் தம் ஆர் நிரலைக் கோப்பாக எழுதுகிறார். அது இயங்க வேண்டிய டாக்கர் கொள்கலனின் செய்முறையைத் தனிக் கோப்பில் தருகிறார். எந்தக் கட்டளையால் எந்தத் திரளில் இயக்குவது என்பதை மற்றொரு கோப்பில் எழுதி, அஷூர் கட்டளைவரியால் சமர்ப்பிக்கிறார். மாதிரியைச் சேவையாக்க வேண்டுமெனில் ‘பிளம்பர்’ பொதியைக் கொள்கலனுக்குள் வைத்து நிறுவுகிறார். தளத்தோடு பேசுவது கட்டளைவரி. ஆர், பெட்டிக்குள் வைத்து அனுப்பப்படும் சரக்கு.

முதல் நோக்கில் இது ஒரு தாழ்வு. ‘ஆர் மொழியிலிருந்து’ என்னும் தொடரே இங்கே பொருந்தாமற் போகிறது. செயற்கூற்றை எழுதி ஒரே வரியில் மேலேற்றிய 2015இன் எளிமையோடு ஒப்பிட்டால், இன்றைய ஆர் பயனர் புள்ளியியலுக்குப் புறம்பான பலவற்றைக் கற்க வேண்டியுள்ளது. இலக்கிய மாணவர் ஒருவருக்கு டாக்கர் செய்முறைக் கோப்பு எளிதில் நுழையக்கூடிய வாயிலன்று. இதனை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

ஆயினும் மீள்சரிபார்ப்பு என்னும் அளவுகோலால் அளந்தால் மூன்றனுள் இதுவே மேலானது. முதலிரு முறைகளில் இயங்கு சூழல் தளத்தின் பொறுப்பில் மறைந்திருந்தது. இங்கே அது ஆய்வாளர் கையால் எழுதப்பட்ட ஆவணமாகிறது. ஆர் பதிப்பு, பொதிகளின் தேதி, மொழி அமைப்பு, எழுத்துரு, அமைப்பு நூலகம் ஆகிய அனைத்தையும் அதில் வரிவரியாகக் குறிக்கலாம். 2014இல் கார்ல் பாட்டிகரும் டர்க் எடல்புட்டலும் தொடங்கிய ‘ராக்கர்’ திட்டம், குறித்த ஆர் பதிப்பைக் கொண்ட ஆயத்தக் கொள்கலன்களை வழங்குகிறது. அவற்றில் யூடிஎஃப்-8 மொழி அமைப்பு முன்னமே குறிக்கப்பட்டிருக்கும். எனினும் அது அமெரிக்க ஆங்கில அமைப்பு. தமிழ் வரிசை வேண்டுவோர் அதனைத் தாமே குறிக்க வேண்டும்.

மற்றொரு நன்மையும் உண்டு. இக்கொள்கலன் அஷூருக்கு மட்டும் உரியதன்று. அதே செய்முறைக் கோப்பைக் கொண்டு வேறு மேகத்தளத்திலோ பல்கலைக்கழகச் சேவையகத்திலோ ஒரு மடிக்கணினியிலோ அதே ஆய்வை இயக்கலாம். தளம் மூடப்பட்டால் போவது சமர்ப்பிக்கும் கோப்பு ஒன்றே. ஆர் பயனரை மிகுதியும் வரவேற்ற செயற்கூறுகள் தளத்தோடு பிணைந்திருந்தமையால் தளத்தின் முடிவோடு முடிந்தன. வரவேற்பு ஏதும் கூறாத கட்டளைவரியோ, ஆய்வைத் தளத்திலிருந்து விடுவித்துவிட்டது. மொழி இணக்கமும் ஆய்வின் ஆயுளும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

செய்முறைக் கோப்பும் முழுக்காப்பு அன்று. அது அடிப்படைப் படிமத்தையும் பொதிகளையும் எங்கோ ஒரு முகவரியிலிருந்துதான் பெறுகிறது. எம்ரானுக்கு நேர்ந்தது அம்முகவரிகளுக்கும் நேரலாம். ஆகையால் கட்டிமுடித்த கொள்கலனையே கோப்பாகச் சேமித்து வைப்பது வேண்டும். ஆய்வேடுகளின் மின்படியைச் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றும் நடைமுறை இந்தியப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றுள்ளது. அவ்வேற்பாடு ஆய்வேட்டின் உரையை மையமாகக் கொண்டது. அதன் முடிவுகளைத் தந்த நிரலையும் சூழலையும் உடன்வைக்கும் வழக்கம் தமிழ்த் துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. கணினிவழிப் பனுவலாய்வை ஏற்கும் துறைகள், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஆர் பதிப்பு, பொதிப் பதிப்புகள், மொழி அமைப்பு ஆகியவற்றைக் காட்டும் ‘செஷன்இன்ஃபோ’ வெளியீட்டையேனும் கேட்டுப்பெறலாம். மேகத்தில் இயக்கியிருந்தால் அவ்வெளியீடு மேகக் கணினியிலிருந்தே எடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஆய்வாளரின் மடிக்கணினியில் எடுத்த வெளியீடு, முடிவுகள் பிறந்திராத ஓர் இடத்தின் விவரத்தையே தரும்.